மார்க் 2-ஆ, மார்க் 3-ஆ? டீப் பர்பிள் சண்டையை ஒழுங்காகப் போடும் முறை

டீப் பர்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டில் எந்தக் காலத்து ஆட்கள் உசத்தி என்ற விவாதம் ரசனை வேறுபாட்டால் கெடுவது அபூர்வம். ஒருவர் மனதில் 1972 ஒசாகா மேடை ஓடிக்கொண்டிருக்கும்; எதிரே இருப்பவர் 1987-இல் வந்த ஆல்பத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். இருவர் வாயிலும் வரும் சொல் ‘மார்க் 2’ ஒன்றுதான். தொண்டை கட்டிய பிறகே இது தெரியவரும். எந்தக் காலம் உசத்தி என்று பேசப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு தாளை எடுத்துக் காலங்களைப் பிரித்து எழுதுங்கள். பத்து நிமிட வேலை, இரண்டு மணி நேரக் கூச்சலை மிச்சப்படுத்தும்.

காலங்களைப் பிரிப்பது

ஆட்கள் மாறும்போதெல்லாம் ரசிகர்கள் புது ‘மார்க்’ எண் கொடுப்பார்கள். 1968-இல் தொடங்கியது மார்க் 1: பாட்டுக்கு ராட் எவன்ஸ், கிட்டாருக்கு ரிச்சி பிளாக்மோர், ஆர்கனுக்கு ஜான் லார்ட், பேஸ் கிட்டாருக்கு நிக் சிம்பர், ட்ரம்ஸுக்கு இயான் பெய்ஸ். 1969-இல் எவன்ஸும் சிம்பரும் போய் இயான் கில்லனும் ராஜர் குளோவரும் வந்தார்கள். அது மார்க் 2. 1973-இல் அந்த இருவரும் விலக, டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் சேர்ந்தது மார்க் 3. 1975-இல் பிளாக்மோர் விலகி டாமி போலின் கிட்டாரை எடுத்தது மார்க் 4. 1976 மார்ச்சில் பேண்ட் கலைந்தது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். 1984-இல் மீண்டும் கூடியவர்கள் அதே மார்க் 2 ஆட்கள். பிறகு கில்லனுக்குப் பதில் ஜோ லின் டர்னர் பாடிய ‘ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்’ 1990-இல் வந்தது, அது மார்க் 5. கில்லன் திரும்பி 1993-இல் இன்னொரு ஆல்பம். மூன்றாம் முறையாக மார்க் 2. எனவே தாளில் 2அ (1969–73), 2ஆ (1984–89), 2இ (1992–93) என்று மூன்றாகவே எழுதுங்கள். 1972-இல் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைச் செய்த ஐவர்தான் 1987-இல் ‘த ஹவுஸ் ஆஃப் புளூ லைட்’ ஆல்பத்தையும் செய்தார்கள், ஆனால் இடையில் பதினைந்து ஆண்டுகள். ஆள் ஒன்று என்பதற்காகக் காலமும் ஒன்றாகிவிடாது.

1993 கடைசியில் பிளாக்மோர் மறுபடி விலகினார். ஜோ சாட்ரியானி மேடைகளில் மட்டும் கைகொடுத்தது மார்க் 6. ஸ்டூடியோ ஆல்பம் இல்லாததால் அதை விட்டுவிடலாம். ஸ்டீவ் மோர்ஸ் வந்தது மார்க் 7. 2002-இல் லார்ட் இடத்துக்கு டான் ஏய்ரி வந்தது மார்க் 8. 2022-இல் மோர்ஸ் போய் சைமன் மெக்பிரைட் வந்தது மார்க் 9. இத்தனையையும் ஒரே இரவில் எடுத்தால் ஒன்றும் நடக்காது. ஒரு அமர்வுக்கு அதிகபட்சம் மூன்று காலங்கள். முதல் தடவை செய்பவர்களுக்கு 2அ, 3, 7 ஆகிய மூன்றும் சரியான சேர்க்கை: மூன்றிலும் முழு ஆல்பங்களும் நல்ல மேடைப் பதிவுகளும் உண்டு, மூன்றிலும் லார்டும் பெய்ஸும் இருக்கிறார்கள்.

‘சிறந்தது’ என்பதை நாலாக உடையுங்கள்

பாடல் அமைப்பு, குரல், மேடை வாசிப்பு, ஆல்பத்தின் முழுமை. இந்த நாலையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடக்கூடாது. கூட்டினால் ‘எல்லாவற்றிலும் சுமார்’ ஆன காலம், ‘ஒன்றில் உச்சம்’ ஆன காலத்தைத் தாண்டிவிடும். அது யாருக்கும் பிடிக்காத முடிவாக இருக்கும். நாலு கேள்விக்கும் நாலு தனி வெற்றியாளர் வந்தால் வரட்டும்.

ஒவ்வொரு தரப்புக்கும் 30 நிமிட ஒலி என்று வரம்பு வையுங்கள், ‘ஐந்து பாட்டு’ என்று வைக்காதீர்கள். 2அ-வின் 1972 மேடை ஆல்பமான ‘மேட் இன் ஜப்பா’னில் உள்ள ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ ஒன்றே ஏறத்தாழ 20 நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அதுதான். பாட்டுக் கணக்கு வைத்தால் 2அ தரப்பு அமர்வையே விழுங்கிவிடும். நிமிடக் கணக்கு வைத்தால் அதைப் போடுவதா, அந்த நேரத்தில் நாலு பாட்டுப் போடுவதா என்று அவர்களே யோசிப்பார்கள்.

எந்தப் பதிவு, எந்தப் பதிப்பு

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. ‘மெஷின் ஹெட்’ என்று சொன்னால் போதாது. கலவை (மிக்ஸ்) என்பது தனித்தனியாகப் பதிவான வாத்தியங்களையும் குரலையும் ஒன்றுசேர்த்த வடிவம். 1972-இல் வந்த கலவை ஒன்று. 1997-இல், 25-ஆம் ஆண்டுப் பதிப்புக்காக ராஜர் குளோவரே செய்த ரீமிக்ஸ் வேறு. 2024 பெரிய பதிப்பில் டுவீசில் ஸாப்பா செய்த கலவை இன்னொன்று. ரீமாஸ்டர் என்றால் பழைய கலவையே ஒலி திருத்தப்பட்டு வருவது. ரீமிக்ஸ் என்றால் ஒவ்வொரு வாத்தியத்தின் அளவும் இடமும் புதிதாக முடிவாவது. ஒரு தரப்பு ரீமிக்ஸையும் மறுதரப்பு மூலக் கலவையையும் வைத்துக்கொண்டு ‘பேஸ் எடுபடவே இல்லையே’ என்று சண்டை போட்டால் அது 1997-க்கும் 1972-க்கும் நடக்கும் சண்டை, பேண்டின் காலங்களுக்கு நடப்பது அல்ல. மார்க் 4-இன் ‘கம் டேஸ்ட் த பேண்ட்’ ஆல்பத்துக்கும் 2010-இல் கெவின் ஷெர்லி செய்த ரீமிக்ஸ் உண்டு. முதல் வெளியீட்டின் கலவைக்கே எல்லோரும் கட்டுப்படுவது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஆல்பத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘ரீமிக்ஸ்’, ‘ஆண்டுவிழாப் பதிப்பு’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பாட்டுக்கும் பாருங்கள். சில சமயம் இரண்டு கலவையும் ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து இருக்கும்.

மேடைப் பதிவுகளில் இன்னும் கவனம் வேண்டும். ‘மேட் இன் ஜப்பான்’ முழுக்க டோக்கியோவின் புடோகான் அரங்கில் எடுத்தது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இல்லை. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவில், 17 புடோகானில் பதிவு நடந்தது. ஆல்பத்தின் ஏழு பாட்டில் ‘த ம்யூல்’, ‘லேஸி’ இரண்டு மட்டுமே டோக்கியோ. ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ 15-ஆம் தேதியுடையது, மீதி நான்கும் 16-ஆம் தேதியுடையவை. மூன்று இரவுகளில் சிறந்ததைப் பொறுக்கி எடுத்த ஆல்பம் அது. அதை இன்னொரு மார்க்கின் ஒரே ஒரு இரவோடு மோதவிட்டால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த அநியாயம் முழுசாக விழுவது மார்க் 4-இன் தலையில். அவர்களுடைய மேடை என்றவுடன் 1975 டிசம்பர் 15 புடோகான் பதிவைத்தான் போடுவார்கள். அந்த இரவில் போலினுடைய இடது கை சரியாக இயங்கவில்லை. கிட்டார் வாசிக்க வேண்டிய பல இடங்களை லார்ட் ஆர்கனால் நிரப்பிக்கொண்டு போகிறார். அதைக் கேட்டுவிட்டு ‘போலினுக்கு வாசிக்கத் தெரியாது’ என்று தீர்ப்பு எழுதுவது கால் உடைந்தவனை ஓட்டப்பந்தயத்தில் தோற்றதற்காகத் திட்டுவது போல. 1976 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பதிவானது 1990-களில் வெளிவந்திருக்கிறது. மார்க் 4-க்கு அதைத்தான் போட வேண்டும்.

மார்க் 3-க்கு, 1974 மே மாதம் லண்டனின் கில்பர்ன் பகுதியில் பதிவாகி 1982-இல் வந்த ‘லைவ் இன் லண்டன்’ பொருத்தம். மார்க் 7-க்கு 1996-இல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் எடுத்த பதிவு.

சத்தத்தைச் சமப்படுத்துவது

இரண்டு பதிவில் ஒன்று சற்றே சத்தமாக இருந்தால் அதுதான் ‘உயிரோட்டமாக’ இருப்பதுபோல் காது ஏமாறும். ஓரிரு டெசிபல் வித்தியாசமே போதும், சத்தம் கூடியது என்று யாருக்கும் தோன்றாது, ‘கிட்டார் நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். 2000-க்குப் பிறகு வந்த ஆல்பங்கள் பொதுவாகவே சத்தமாக மாஸ்டர் ஆனவை. அதனால் சமப்படுத்தாமல் போட்டால் பிந்தைய மார்க்குகளுக்குச் சும்மா ஒரு ஏணி கிடைக்கும்.

கோப்புகளாக வைத்திருந்தால் பிளேயரில் ரீப்ளே கெயின் (ஒலி அளவைத் தானாகச் சமப்படுத்தும்) வசதியை ‘ட்ராக்’ முறையில் போடுங்கள். ‘ஆல்பம்’ முறை இதற்கு உதவாது. அது ஒரு ஆல்பத்துக்குள் உள்ள மேடுபள்ளத்தை அப்படியே வைத்திருக்கும். ஸ்ட்ரீமிங் என்றால் அமைப்புகளில் ஒலி அளவைச் சமமாக்கும் தேர்வை இயக்குங்கள். இசைத்தட்டு, சிடி என்றால் போனில் இலவசமாகக் கிடைக்கும் டெசிபல் மீட்டர் செயலி போதும். நடு நாற்காலியில் போனை வையுங்கள், இரண்டு பாட்டிலும் முழு பேண்டும் வாசிக்கும் 30 விநாடியை ஓடவிட்டுச் சராசரியைப் பாருங்கள். வித்தியாசம் 1 டெசிபலுக்குள் வரும்வரை சத்தமானதைக் குறையுங்கள். மெலிவானதை ஏற்ற வேண்டாம், ஆம்ப் திணறினால் சோதனையே வீண். நாற்காலியில் 75 முதல் 80 டெசிபல் தாராளம். 1972-இல் லண்டன் ரெயின்போ அரங்கில் இந்த பேண்ட் 117 டெசிபலைத் தொட்டு, கேட்க வந்தவர்களில் மூவர் மயங்கி விழுந்து, கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. வீட்டு அறைக்கு அது தேவையில்லை.

போன் ஸ்பீக்கரில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். அடி ஒலி அதில் வராது. குளோவருக்கும் ஹியூஸுக்கும் உள்ள வேறுபாடே அடி ஒலியில்தான் இருக்கிறது. ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்வதும் கூடாது. கிட்டாரையும் ஆர்கனையும் இரு பக்கமாகப் பிரித்து வைத்த பதிவுகளில் ஒருவருக்கு பிளாக்மோரும் மற்றவருக்கு லார்டும் மட்டும் கேட்பார்கள். லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக விட்டவர், கரகரப்பில் அது கிட்டாரோடு கலந்துவிடும். இரண்டு காதும் இல்லாவிட்டால் எது எது என்று பிரித்தறிய முடியாது.

அளவுகோல் இயான் பெய்ஸ்

1968 முதல் இன்றுவரை எல்லா மார்க்கிலும் இருப்பவர் ஒரே ஒருவர், ட்ரம்ஸில் உட்கார்ந்திருக்கும் பெய்ஸ். பாடகர் மாறினால் பாட்டு மாறுகிறது, கிட்டார் மாறினால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) மாறுகிறது; எதை எதோடு ஒப்பிடுவது என்று திகைப்பு வரும். மாறாத ஒன்றை வைத்து மாறியவற்றை அளப்பதுதான் வழி. ஒவ்வொரு சுற்றிலும் முதல் கேட்பு முழுக்க ட்ரம்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள்.

இதைக் கிட்டத்தில் பார்ப்போம். ‘ஹைவே ஸ்டார்’ 1972 ஸ்டூடியோப் பதிவை எடுங்கள். குளோவரின் பேஸ் நேர்கோட்டில் ஓடுகிறது. ஒரே சீரான துடிப்பு, அங்கே இங்கே அலைவதில்லை. பெய்ஸும் அதோடு ஒட்டி நேராக ஓட்டுகிறார். அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் முதலில் லார்டின் ஆர்கன் சோலோ, பிறகு பிளாக்மோரின் கிட்டார் சோலோ ஏறி ஓடுகின்றன. கீழே இருவரும் அசையாததால் மேலே இருவரும் எவ்வளவு வேண்டுமானாலும் பறக்கலாம். 2அ-வின் ரகசியம் இதுதான்.

உடனே ‘பர்ன்’ பாட்டைப் போடுங்கள், 1974. கவர்டேல் பாடும்போதே பெய்ஸ் வரிக்கு வரி ட்ரம்ஸை உருட்டிக்கொண்டே இருக்கிறார். பாடகர் பாடும் நேரத்தில் அடக்கி வாசிப்பது வழக்கம், இங்கே கிட்டத்தட்ட ட்ரம் சோலோ மேல் பாட்டு நடக்கிறது. அதே ஆல்பத்தில் ‘யூ ஃபூல் நோ ஒன்’: கவ்பெல் (மாட்டு மணி போன்ற தாளக் கருவி) தட்டும் அந்த வளைந்த தாளம் 2அ-வில் எங்கும் கிடைக்காது. ஹியூஸின் பேஸ் நேர்கோட்டை விட்டு விலகி, தாளத்தின் இடுக்குகளில் அடிக்கிறது. கீழே நெளிவு வந்ததும் பெய்ஸின் கையும் நெளிகிறது. அடுத்த ஆல்பமான ‘ஸ்டார்ம்பிரிங்க’ரில் ஃபங்க், சோல் ஆகிய கறுப்பின நடன இசை வகைகளின் வாடை கூடியதும், அது பிளாக்மோருக்குப் பிடிக்காமல் போனதும், மறு ஆண்டு அவர் போனதும் இந்த நெளிவின் தொடர்ச்சிதான்.

மார்க் 1-க்கு 1969 ஆல்பத்தின் முதல் பாட்டு ‘சேசிங் ஷேடோஸ்’ போடுங்கள், பாட்டே ட்ரம்ஸ் மேல் கட்டியது. மார்க் 4-க்கு ‘கெட்டின் டைட்டர்’. மார்க் 7-க்கு 1996 ‘பர்பெண்டிகுல’ரின் முதல் பாட்டு, மோர்ஸின் கிட்டார் தாளத்தைக் கத்தரித்து வாசிக்க, பெய்ஸ் இளைஞரைப் போல ஒட்டிக்கொண்டு வருகிறார். ‘ஃபயர்பால்’ பாட்டை மட்டும் இந்த அளவுக்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் இரண்டு பேஸ் ட்ரம் வைத்து வாசித்தார், அது அவருடைய வழக்கமான செட் அல்ல. அதன் தொடக்கத்தில் கேட்கும் ‘விஷ்’ சத்தம் ஏர் கண்டிஷனர் இயங்கத் தொடங்கும் ஒலி. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், நடுவில் கேட்பார்கள்.

ஒரே பாட்டு, வேறு கைகள்

இரண்டாம் சுற்றில் ஒரே பாட்டை வெவ்வேறு மார்க் வாசித்ததைப் போடுங்கள். பாட்டு மாறாததால் ‘எனக்கு அந்தப் பாட்டே பிடிக்கும்’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ 1972, 1974, 1996 என்று மூன்றும் கிடைக்கின்றன. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூவில் சூதாட்ட விடுதி எரிந்ததை நேரில் பார்த்தவர்கள் எழுதிய பாட்டு. அதைக் கில்லன் சொல்லும்போது சம்பவம் விவரிப்பவரின் தொனி இருக்கும். 1974-இல் கவர்டேலும் ஹியூஸும் பாடும்போது கதை பின்னுக்குப் போய்க் குரல் முன்னுக்கு வரும். இதில் எது குறை, எது நிறை என்பதைப் பேசுங்கள். நல்ல வாதம் பிறக்கும் இடம் இது. ‘ஹஷ்’ பாட்டுக்கு 1968 பதிவும், 1988-இல் 2ஆ ஆட்கள் மறுபடி செய்ததும் உண்டு. பழையதன் துள்ளல் புதியதில் இல்லை. ‘பர்ன்’ பாட்டுக்கு 1974 ஸ்டூடியோ, 1976 லாங் பீச்.

மெதுவான பாட்டுகளுக்கு ஒரு சுற்று கட்டாயம் வையுங்கள், அதிராத பாட்டில்தான் பாடகர்களின் உண்மையான எடை தெரியும். ‘வென் அ பிளைண்ட் மேன் க்ரைஸ்’, ‘சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்’, ‘யூ கீப் ஆன் மூவிங்’, ‘சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்’. முதலாவது ‘மெஷின் ஹெட்’ நாட்களில் பதிவானாலும் ஆல்பத்தில் சேராமல் சிங்கிளின் மறுபக்கமாகவே வந்தது. அதை ஆல்ப முழுமைக் கணக்கில் 2அ தரப்பு சேர்க்கக் கூடாது. குரல் கணக்கில் சேர்க்கலாம்.

எடுபடாத வாதங்கள்

தரவரிசையைக் காட்டினால் இதைச் சொல்லுங்கள்: அமெரிக்காவில் ‘ஹஷ்’ தொட்ட இடம் 4, ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ தொட்ட இடமும் 4. அந்தக் கணக்கில் மார்க் 1-உம் 2-உம் சமம்; அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

‘பிளாக்மோர் இல்லாதது பர்பிளே அல்ல’ என்பது அடுத்தது. அவர் இரண்டு தவணையிலும் சேர்த்து இருந்தது சுமார் 16 ஆண்டு, மோர்ஸ் 28 ஆண்டு. இதனால் மோர்ஸ் உசத்தி என்று ஆகிவிடாது, ஆனால் 28 ஆண்டைக் கணக்கிலேயே சேர்க்காமல் தள்ள முடியாது. ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் 2016 பட்டியலைக் காட்டுவார்கள். அதில் சிம்பரும் இல்லை, போலினும் இல்லை, மோர்ஸும் இல்லை. வாசித்தவர்களை விட்டுவிட்ட பட்டியல் வாசிப்புக்குச் சாட்சி ஆகாது.

பழைய ‘பர்ன்’ அட்டையைக் காட்டி ‘ஹியூஸ் ஒரு வரிகூட எழுதவில்லை’ என்பவர்களும் உண்டு. ஒப்பந்தச் சிக்கலால் அப்போது அவர் பெயர் போடவில்லை. 30-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார்கள்.

எங்கள் காதுக்கு மேடை வாசிப்பில் 2அ-வை யாரும் தொட முடியாது. ‘மேட் இன் ஜப்பான்’ முன்னால் மற்ற மேடைப் பதிவுகள் எல்லாமே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டு குரல் சேர்ந்து பாடும் அழகில் மார்க் 3 முன்னே நிற்கிறது. ஸ்டூடியோவில் மார்க் 4-க்குக் கிடைக்க வேண்டிய மரியாதையில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஓட்டு

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் யாரும் வாய் திறப்பதற்கு முன் துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். முதலில் சத்தமாகப் பேசுபவர் பக்கம் நாலு பேர் சாய்வது எல்லா அறையிலும் நடக்கும். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கேட்காதீர்கள், ஒருவருடைய 7 இன்னொருவருக்கு 5. இரண்டில் எது என்று மட்டும் கேளுங்கள், மூன்று பதிவு என்றால் ஜோடி ஜோடியாக. பிறகு 15 நிமிடம் பேச்சு. பேசிய பின் இன்னொரு சீட்டு. இரண்டு சீட்டுக்கும் நடுவில் யார் மனம் மாறியது, எந்த இடத்தைச் சுட்டிக்காட்டியதால் மாறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அமர்வில் முதலில் போட வேண்டிய துண்டு அதுதான்.

கடைசியாகக் கேட்டதற்கு ஓட்டு கூடும் பழக்கம் உண்டு. மூன்றாம் சுற்றுக்கு மேல் காது களைத்து, வேகமான பாட்டு எது வந்தாலும் கை தூக்குவார்கள். அதனால் சுற்றுக்கு நடுவே பத்து நிமிடம் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்து அதே ஜோடிகளை வரிசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முடிவு மாறும் சுற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, வேறு பாட்டை வைத்து மறுபடி தொடங்குங்கள்.